குஞ்சுகள் வராத கரை

முதல் குழந்தைக்காரிகளுக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான்: குழந்தையின் வாய்க்குள் போகக்கூடியவை, போகாதவை. இந்த மகத்தான விஞ்ஞான அறிவோடுதான் எழுபதுகளில் நான் விலங்கியல் முதுகலை படித்தேன்.

பழவேற்காட்டில் கரை அரிக்காமல் இருக்கக் கொட்டியிருந்த பாறைகளில் நத்தைகள் ஒட்டியிருக்கும். அவற்றை மாதாமாதம் அளந்து, பெரிசு எவ்வளவு, புதிதாக வந்து சேர்ந்த குஞ்சு எவ்வளவு என்று சொல்வதுதான் என் ஆய்வு. (கும்மிடிப்பூண்டி இரும்புப் பட்டறைக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்த என் கணவர், "நத்தைக்கு ஜாதகம் எழுதப் போறியா?" என்றார்.) இதில் தேறாவிட்டால் படிப்பை மூட்டை கட்டுவதாக மாமியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவருக்கு முட்டிவலி என்பதால் ஒரு வயது மகளும் ஆராய்ச்சிக்கு வந்தாள்.

அளந்தேன், அளந்தேன். எல்லாம் கொண்டைக்கடலை அளவுக் கிழங்கள். குஞ்சு ஒன்றுகூட இல்லை. ஐயோ, ஒரு இனமே அழிகிறதே! எனக்குச் சோறு இறங்கவில்லை. கண் கலங்க எழுதி முடித்தேன்.

பேராசிரியர் நேரில் பார்க்க வந்தார். பதற்றத்தில் மகளை அப்படியே பாறையில் உட்கார வைத்துவிட்டு, அழிவைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, குழந்தை என்னவோ மெல்லுதே?"

வாய்க்குள் விரலை விட்டேன். மிளகளவில் ஒரு நத்தைக்குஞ்சு. அதன் பின்னாலேயே இன்னொன்று.

பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அஞ்சலை ஓடிவந்தாள். "இன்னாம்மா, இன்னிக்கு மறந்துட்டியா? வந்ததும் வராததுமா பொடிசெல்லாம் பொறுக்கித் தண்ணில கடாசிகினு இருப்பியே!"

"எதுக்கு?" என்றார் பேராசிரியர்.

"கொயந்த வாயில போட்டுக்குமாம் சார். எல்லாத்தையும் கடாசிட்டுத்தான் இந்தம்மா ஸ்கேல எடுக்கும்."

கல்துணுக்கு என்று நினைத்து நான் வீசியதெல்லாம் அந்தக் கரையின் அடுத்த தலைமுறை.

"குஞ்சு இல்லாததுக்குக் காரணம் கிடைச்சாச்சு," என்றார் அவர். "முதல்லேர்ந்து அளங்க. குழந்தைய வீட்ல விட்டுட்டு வாங்க."

கதையைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் மாமியாரின் முட்டிவலி பறந்தது. பேத்தியை அவரே வைத்துக்கொண்டார். நானும் ஒருவழியாகத் தேறினேன். ஆனால் அதற்கப்புறம் யாராவது, "ஒண்ணோட நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டால் மாமியார்தான் முந்திக்கொள்வார்:

"இன்னா பண்றது? ரெண்டாவது பொடிசா இருந்துச்சி. மூத்தது வாயில போட்டுக்கும்னு கடல்ல கடாசிட்டா!"