இருபத்தேழாம் நம்பர் மொட்டை

சுகப்பிரசவம், சிசேரியன் என்று பாரத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. குருபிரசாத் கொஞ்சம் யோசித்துவிட்டு முதல் கட்டத்தில் டிக் அடித்தான்.

நீரஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்னா! அப்போ என் வயத்துல இருக்கற தையல் என்ன, எம்பிராய்டரியா?"

"மெதுவாப் பேசு. சிசேரியன்னு போட்டா மார்க்கைக் குறைச்சுடுவா."

தொண்ணூற்று நாலாம் வருஷத்து மே மாத வெயிலில், மயிலாப்பூர்ப் பள்ளிக்கூட ஹால் ஒன்றில் கொழுகொழு குழந்தைப் போட்டி. ஒரு சோப்பு கம்பெனி நடத்தியது. வந்திருந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் மொட்டை. இவர்களுடைய பதினோரு மாதப் பிள்ளை சுஹாஸும் நாலு நாள் முன்புதான் மொட்டையாகிச் சந்தனம் பூசியிருந்தான்.

குருபிரசாத்துக்குப் பரிசு பெரிதில்லை. சர்டிஃபிகேட்தான் வேண்டும். சுஹாஸ் தும்மினாலும் விக்கினாலும் குருபிரசாத்தின் அக்கா ஸ்ரீலக்ஷ்மி ஒரே காரணம்தான் சொல்வாள்: "வயத்தைக் கிழிச்சு எடுத்த குழந்தை, வேற எப்படி இருக்கும்?" அதைக் கேட்டு நீரஜா ஏதோ திருடிவிட்டவள் போலத் தலையைக் குனிவாள். குருபிரசாத்துக்கு வயிறு எரியும். சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு வாசற்கதவுக்கு நேரே மாட்டினால்தான் அக்காவின் வாய் மூடும்.

அடுத்த கேள்வி, 'தாய் கர்ப்ப காலத்தில் உண்டவை'. அங்கேதான் பேனா நின்றது. முதல் ஐந்து மாதம் வாந்தி. மோர் சாதமும் நார்த்தங்காயும் தவிர நீரஜா வயிற்றில் எதுவும் தங்கவில்லை. நார்த்தங்காய்க்கு எந்த டாக்டர் மார்க் போடுவார்?

"சார், இத்த கொஞ்சம் எய்தி குடு சார்." பக்கத்து நாற்காலிப் பெண் தன் பாரத்தை நீட்டினாள். பெயர் சுலோச்சனா. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். இடுப்பில் பிள்ளை புகழேந்தி. அவனும் சந்தன மொட்டைதான்.

"மாசமா இருக்கும்போது இன்னா சாப்பிட்டே?" என்று அவளுக்குப் புரிய வேண்டுமே என்று அவள் பாஷையிலேயே கேட்டான் குருபிரசாத்.

"தெனிக்கும் முருங்கக்கீர. காலைல கேவுரு கூழு. வேர்க்கல்ல, நெத்திலி மீனு. ஆஸ்பத்திரில குட்த்த சத்து மாத்திர ஒண்ணு வுடல."

"பிரசவம்?"

"ஆட்டோலேந்து எறங்கி அரமணில பொறந்துட்டான் சார்."

அவளுடையதை எழுதி முடித்தான். பிறகு நெத்திலியை மட்டும் விட்டுவிட்டு, தன் பாரத்திலும் அப்படியே எழுதினான்.

"முருங்கைக்கீரையா? அதைக் கண்டாலே எனக்குக் குமட்டுமே!" என்றாள் நீரஜா. "இந்தப் பொய்க்கெல்லாம் நான் பக்கத்துல நிக்க மாட்டேன். நீங்களே போய்ட்டு வாங்கோ." விடுவிடுவென்று போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஓர் ஆயா வந்து இருபத்தேழையும் இருபத்தெட்டையும், அதாவது சுஹாஸையும் புகழேந்தியையும், இரண்டு இடுப்பிலும் வாரிக்கொண்டு உள்ளே போனாள். எல்லாக் குழந்தைகளுக்கும் கம்பெனியின் மஞ்சள் பனியன் மாட்ட வேண்டுமாம்.

அப்போதுதான் குருபிரசாத் நடுவரைப் பார்த்தான். டாக்டர் குல்சும்! நீரஜாவுக்கு ஆபரேஷன் செய்த அதே டாக்டர்.

பாரத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான். "இருபத்தேழு, புடிங்க சார்!" என்று ஆயா அதட்டினாள். திரும்பாமலே ஒரு கையை நீட்டி, மஞ்சள் பனியன் போட்ட பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

"உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே?" என்றார் டாக்டர்.

"எனக்கு ரொம்பச் சாதாரண மூஞ்சி டாக்டர்."

எடை பத்து கிலோ. குருபிரசாத் அதிர்ந்து போனான். போன வாரம் எட்டரைதானே? மொட்டை அடித்தால் குறையத்தானே வேண்டும்! கம்பெனி தராசு தாராளமாக இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டான். அந்நியரைக் கண்டால் அழுகிற பிள்ளை இன்று அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிவிட்டுச் சிரித்தது. சமயம் அறிந்து நடக்கிறானே என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணாடியை மட்டும் அது திருப்பித் தரவேயில்லை.

"சுகப்பிரசவம் டாக்டர்," என்றான், கேட்காமலே.

"அதுக்கு மார்க்கே இல்லைங்க. ஒரு கணக்குக்குத்தான் கேட்டோம். ஆபரேஷன்ல பிறந்தாலும் நல்லாப் பால் குடிச்சு, நல்லாச் சாப்பிட்டா நல்லாத்தான் வளரும்."

குருபிரசாத்துக்குத் தலை சுற்றியது. அநியாயமாக ஒரு பொய் வீண்.

கால் மணி நேரத்தில் மைக் அலறியது. "முதல் பரிசு, இருபத்தேழாம் நம்பர்!"

மேடையில் டாக்டர் குல்சும் அவன் பாரத்தைச் சபைக்குப் படித்துக் காட்டினார். "முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, சத்து மாத்திரை. கர்ப்பத்துல அம்மா இப்படிச் சாப்பிட்டா பிள்ளை இப்படித்தான் இருக்கும். எழுதினதெல்லாம் உடம்புல தெரியுது பாருங்க!"

கைதட்டல். கடைசி வரிசையில் நீரஜா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். ஆனந்தம் என்று நினைத்து, குருபிரசாத் சர்டிஃபிகேட்டை ஆட்டிக் காட்டினான். அவள் நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தாள்.

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. மைக்கிலேயே கேட்டார்: "அட, நீரஜா! தையலெல்லாம் நல்லா ஆறிடுச்சா?"

நீரஜா எதையும் காதில் வாங்கவில்லை. "ஏன்னா, நம்ம சுஹாஸ் எங்கே?"

குருபிரசாத் பிள்ளையின் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு பார்த்தான். குழந்தை சிரித்தது. ஆறு பல் தெரிந்தது. சுஹாஸுக்கு இரண்டுதான்.

"ஐயோ, என் குழந்தை!" என்று கத்தினான். சர்டிஃபிகேட், அக்கா, ஃப்ரேம் எல்லாம் மறந்துபோயின. சுஹாஸ் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

புகழேந்தியை வெளியெல்லாம் தேடிவிட்டு, மேடைப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தாள் சுலோச்சனா. அவள் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான் சுஹாஸ். நீரஜா பாய்ந்து அவனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு விம்மினாள்.

சுலோச்சனா குருபிரசாத்திடமிருந்து முதலில் புகழேந்தியை வாங்கினாள். அப்புறம் சர்டிஃபிகேட்டையும் வாங்கினாள்.

"நீ எய்துனது அல்லாமே கரீட்டுதான் சார். புள்ளையத்தான் மாத்தித் தூக்கிக்கினு வந்துட்ட."