திங்கட்கிழமை வலப்பக்கம் மட்டும் திரும்பவும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். உங்கள் மனைவி வந்து இரண்டு நாளாகிறது. என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர அவளும் சௌக்கியம். விமானப்படை முகாமில் நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

நாங்கள் புதிதாகச் செய்திருக்கும் போர் ஹெலிகாப்டரைத் திங்கட்கிழமை நீங்கள்தான் முதன்முதலாக ஓட்டப் போகிறீர்கள். "மாமா, அது பறக்குமா?" என்று போனில் கேட்டீர்கள். வடிவமைப்புப் பிரிவின் தலைவன் என்ற முறையில் சொல்கிறேன், தாராளமாகப் பறக்கும். பறக்காவிட்டால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்கள், என் பத்து வருஷ உழைப்பு பாழாகும், ஆகவே பறந்தே தீரும். சில சில்லறை விஷயங்கள் கண் காது மூக்கு வைத்து உங்களிடம் வரலாம் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். இதன் துப்பாக்கி, ஹெல்மெட் போட்டவர் பார்க்கும் திசையில் தானாகத் திரும்பும். சோதனையின்போது டைரக்டர் உள்ளே வந்தார், ஹெல்மெட் போட்டிருந்த எஞ்சினியர் மரியாதைக்குத் திரும்பி வணக்கம் சொன்னார், துப்பாக்கியும் திரும்பியது. குண்டு போட்டிருக்கவில்லை. இருந்தாலும் டைரக்டர் அன்றிலிருந்து ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் எங்களோடு பேசுகிறார்.

அடுத்தது இருக்கை. முதலில் மரத்தில் ஒரு மாதிரி செய்தோம். பார்வையிட வந்த மேலதிகாரி ஆள் கட்டை குட்டை; ஏறி உட்கார்ந்து, "ரொம்ப வசதியா இருக்கு, இதுல ஒரு இம்மிகூட மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் இடத்தில் மேலதிகாரி ஒன்றைப் பாராட்டிவிட்டால் அப்புறம் யாரும் அதில் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டோம். அதனால் விமானி அறை முழுவதும் அவர் அளவிலேயே வளர்ந்துவிட்டது. நீங்களோ வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். வலது காலை விலக்கிக்கொள்ள இடமிருக்கிறது. இடப்பக்கம் கவசத் தகடு இருப்பதால் முழங்கால் குறுக்கே நிற்கும், ஹெலிகாப்டரைத் திருப்ப, கால்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டிக்கை அந்தப் பக்கம் தள்ள முடியாது. இதற்கெல்லாம் கவலைப்படக் கூடாது. இடப்பக்கம் போக வேண்டுமானால் வலப்பக்கமாகவே முக்கால் வட்டம் அடித்தால் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். எதிரியும் குழம்பிப் போவான்.

எல்லா நலமும் பெற்று, போன காரியம் ஜெயமாகி, நூறு வயது வாழ்க என்று ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் மனைவி இதை வாங்கிப் படித்தாள். "நீங்க ஒரு தடவையாவது அதுல உக்காந்து பாத்தீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள். பார்த்ததில்லை. நானும் கிட்டத்தட்ட உங்கள் உயரம்தான். உடனே ஹெலிகாப்டர் நிற்கும் கொட்டகைக்குப் போய் ஏறி உட்கார்ந்தேன். வலப்பக்கம் சாய்ந்த ஹெலிகாப்டரை நிமிர்த்துவதற்கும் ஸ்டிக்கை இடப்பக்கம்தான் தள்ள வேண்டும் என்பது அப்போதுதான் என் முழங்காலுக்கு உறைத்தது. பயந்துபோனேன், மாப்பிள்ளை. இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் வெளியே வந்தேன். வந்ததும் முதல் வேலையாக, திங்கட்கிழமை பறக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். திட்டத்தை மூடினால் மூடட்டும். நீங்கள் வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மேலே எழுதியதில் ஆசீர்வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.