ஆடு உயிரோடுதான் இருக்கிறது

ஆட்டுக்காரி அழுத அழுகையில் திருத்துநருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் குறிவைத்தது என்னவோ புதருக்குப் பின்னால் நின்ற ஓநாயைத்தான். அம்பு போய்த் தைத்தது அவளுடைய ஆட்டை.

கம்ப்யூட்டர் விளையாட்டுதான். திரையில் செத்த ஆட்டுக்கு யாரும் துக்கம் விசாரிக்க வரப்போவதில்லை. ஆனாலும் மனசு கேட்காமல், கடைசியாகச் சேமித்த இடத்துக்கு விளையாட்டைத் திருப்பும் பொத்தானைத் தட்டினார். ஐந்து நிமிடம் பின்னால் போயிற்று. ஆடு புல் மேய்ந்துகொண்டிருந்தது. இந்த முறை வில்லை முதுகில் மாட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக ஆட்டுக்காரியின் அருகில் போய் நின்றார்.

"ஆடு உயிரோடதான் இருக்கு," என்றாள் அவள். "ஆனா நீ கொன்னே."

திருத்துநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திருத்துநர் என்பது அவருடைய பெயரல்ல, வேலை. அச்சகத்தில் பிழை திருத்துபவர். இரண்டு வருடமாக இந்த விளையாட்டே கதியென்று கிடக்கிறார். மலை, காடு, வாள், பறக்கும் நாகம், எங்கே வேண்டுமானாலும் நடந்து போகலாம். அதில் சேர்த்துக்கொள்ள ரசிகர்கள் யாராவது ஒரு கோட்டையோ ஒரு குதிரையோ செய்து சும்மா கொடுப்பார்கள். இப்படிச் சேர்ப்பதற்கு 'மாட்' என்று பெயர். இன்று மதியம் அவர் சேர்த்தது பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு மலைக்கிராமம். முகம் தெரியாத யாரோ தமிழிலேயே செய்திருந்தார். விவரக்குறிப்பில் ஒரே ஒரு வரி: 'இங்கே யாரும் எதையும் மறக்க மாட்டார்கள்.'

விளையாடுவோர் குழுவுக்கு முதல் கருத்துகளை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். எழுதினார்: 'வசனங்களில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை, ஆச்சரியம். ஊர்க்காரர்களுக்கு ஞாபகசக்தி அதிகம். சேமிப்புப் பட்டியலில் மட்டும் ஒரு தவறு. இப்போது மணி நாலு இருபது. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குச் சேமித்ததாக ஒன்று காட்டுகிறது. கவனிக்கவும்.'

"டீ எடுத்துக்கோங்க, ஆறிடும்," என்று மனைவி டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

பாதி டீ குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

காய்ச்சல் என்று விடுப்புப் போட்டிருந்தார். காய்ச்சலெல்லாம் இல்லை, பயம். குழந்தைகளுக்கான இருமல் மருந்தின் லேபிள் நாற்பதாயிரம் அச்சாகியிருந்தது. 'இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது' என்ற வரியைக் காணோம். பாட்டிலில் ஒட்டுவதற்கு முன்பே மருந்துக் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். யார் தவறோ அவர் வெளியே போக வேண்டும் என்பது அவர்கள் கட்டளை. திருத்துநர் கையெழுத்துப் போட்ட தாள் எங்கேயோ தொலைந்துவிட்டது. ஒன்று, அவர் வரியைக் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும். அல்லது அவர் குறித்துக் கொடுத்ததை அச்சு இயந்திரம் ஓட்டும் மெஷின்மேன் பார்க்காமல் ஓட்டியிருக்க வேண்டும். ஐந்து மணிக்கு மேனேஜர் போன் செய்து கேட்பார்.

உண்மை அவருக்குத்தான் தெரியும். அந்தத் தாள் மேஜைக்கு வந்தபோது அவர் மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு இந்தக் கிராமத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தார். பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மெஷின்மேனின் வேலை போகும். மெஷின்மேன் வீட்டில் எட்டு மாதக் குழந்தை.

இதற்காகத்தான் அவருக்கு விளையாட்டுப் பிடிக்கும். அங்கே சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே ஆட்டுக்காரியை முதலில் சமாளிப்போம் என்று இறங்கினார்.

"கை தவறிடுச்சு," என்ற பதிலைத் திரையில் தேர்ந்தெடுத்தார். அவள் காறித் துப்பினாள். திருப்பினார்.

"நான் இல்ல, ஓநாய்," என்றார்.

"ஓநாய் வில்லு வெச்சிருந்துச்சா?" என்றாள். திருப்பினார்.

"கொல்லன் குடுத்த அம்பு வளைஞ்சிருந்துச்சு. தப்பு அவனுது."

ஆட்டுக்காரி அவரையே பார்த்தாள். "முதல்ல கை தவறிடுச்சுன்னே. அப்புறம் ஓநாய்னே. இப்போ கொல்லனா?"

அதற்குள் ஊர் கூடிவிட்டது. கொல்லன் வாதாடவில்லை. சுத்தியலைக் கீழே வைத்தான், பட்டறையைப் பூட்டினான், மலைப்பாதையில் நடந்து மறைந்தான். திருத்துநர் அவசரமாகத் திருப்பினார்.

வெயில் பழைய இடத்துக்கு வந்தது. ஆடும் வந்தது. பட்டறை பூட்டியே இருந்தது. வாசற்படியில் கொல்லனின் மனைவி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அவர் எப்போ வருவார்?" என்று கேட்டார்.

"நீ திருப்பின இடத்துல அவர் இல்ல."

டீக்குக் கையை நீட்டினார். டம்ளர் விளிம்பு வரை நிறைந்து ஆவி பறந்தது. பாதி குடித்தது ஞாபகம் இருந்தது. மனைவி வந்து ஊற்றியிருப்பாள், தங்கமானவள் என்று நினைத்துக்கொண்டார்.

"டீ எடுத்துக்கோங்க, ஆறிடும்," என்றாள் மனைவி, கதவருகில் நின்று.

"ரெண்டாவது டீ எதுக்கு?"

"ரெண்டாவதா?" அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "மத்தியானத்துலேர்ந்து டீயா போட்டுத் தள்ளுற மாதிரி கை வலிக்குது. சாமான் தேய்க்கப் போனா ஒரு டம்ளர்கூடக் கிடக்கல. என்னங்க, எனக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"தூக்கம் பத்தல, போய்ப் படு," என்றார் திருத்துநர். எதற்கும் பதில் தெரியாத கணவர்கள் சொல்கிற பதில் அது. அவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

இந்தக் கிராமமே வேண்டாம் என்று முடிவெடுத்து அந்த 'மாட்' கோப்பைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கினார். குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். விளையாட்டை மறுபடி திறந்தார். அதே மலை, அதே பன்னிரண்டு வீடுகள். ஆனால் இப்போது ஊரே வரிசையாக வெளியே நின்றது. யாரும் அசையவில்லை. அவர் விளையாடும் வீரனை அவர்கள் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, திரைக் கண்ணாடிக்கு வெளியே, நாற்காலியில் இருந்த அவரைப் பார்த்தார்கள். ஆடும் பார்த்தது.

அப்போதும் கடமை தவறாமல் எழுதினார்: 'நீக்கினாலும் போக மறுக்கிறது. இது சற்று எரிச்சலூட்டுகிறது.'

"மணி அஞ்சாகப் போகுது," என்றாள் ஆட்டுக்காரி. கிராமத்தில் உச்சி வெயில்.

போன் அடித்தது.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்," என்றார் மேனேஜர். "மெஷின்மேனும் பக்கத்துலதான் இருக்கார். சொல்லுங்க, அந்த வரி எப்படி விட்டுப்போச்சு?"

உண்மையைச் சொல்லிவிடுவது என்று காலையிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். இரண்டே சொற்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்தன. வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. வேறு எந்த அச்சகம் இந்த வயதில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் வந்தது. கதவருகில் மனைவி உள்ளங்கையைத் தடவிக்கொண்டு வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். எது வேண்டாம் என்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

"நான் குறிச்சுத்தான் சார் அனுப்பினேன்," என்றார். "மெஷின்மேன்தான் பார்க்காம ஓட்டிட்டார்."

தடங்கல் இல்லாமல் வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருந்தது. மெஷின்மேன் கத்துவான், சண்டைக்கு வருவான் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தார்.

அவன் கத்தவில்லை. பரிதாபப்படுகிற குரலில், மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, முதல் தடவை போன் வந்தப்ப 'தப்பு என்னுது'ன்னு சொல்லி அழுதீங்களே. அதை ஏண்ணே திருப்பிட்டீங்க?"