ரிஜெக்ட் அக்காவின் கேமரா

ரிஜெக்ட் அக்காவின் கண்ணுக்குத் தப்பும் ஓட்டையைப் போட, திருப்பூரில் இன்னும் ஒரு மிஷின் வரவில்லை. எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் அவர்தான். கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் "ரிஜெக்ட்!" என்று மூலையில் வீசுவார். முதலாளி மகனின் கல்யாணச் சட்டையையே காலர் கோணல் என்று கழற்றச் சொன்னவர்.

ஐம்பது வயதில் அவருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. ஞாயிறு விடிந்தால் நஞ்சராயன் குளத்தங்கரை. போனில் எடுத்த படத்தை, ஷிப்பிங் பிரிவில் இருந்த என்னிடம் காட்டினார். தண்ணீரில் ஒரு புள்ளி.

"கண்ணு, இது நாரைன்னு நான் சத்தியம் பண்ண வேண்டியிருக்குது. கேமரா வாங்கோணும். கூட வா."

கோயமுத்தூரில் பழைய கேமரா விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் முழங்கை நீள லென்ஸ் ஒன்றை எடுத்து வைத்தார்.

"பறவைக்கு இதாங்க்கா."

அக்கா தூக்கிப் பார்த்தார். "இதத் தூக்கீட்டுப் போனா, பறவைதாங்க என்னையப் படம் புடிக்கும். வெலையும் நமக்கு ஆகாது. ரிஜெக்ட்!"

அடுத்த கேமராவுக்கு, பையிலிருந்து வெள்ளை பனியன் துணியை எடுத்து மேசையில் விரித்தார். அதைப் படமெடுத்துப் பெரிதாக்கினார்.

"ஏனுங்க, இந்த மூலைல கறை இருக்குதே?"

கடைக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். கேமராவுக்குள் தூசி. இன்னொரு லென்சுக்குள் போன் டார்ச்சை அடித்தார் அக்கா. வெள்ளையாய் நூல் நூலாய்ப் பூஞ்சை. கடைக்காரருக்கு வியர்த்தது. நாலாவதாக வந்த சின்னக் கேமராவும் கைக்கு அடக்கமான ஜூம் லென்சும்தான் தேறின.

"ஞாயித்துக்கெழம வந்து எங்க சரக்கெல்லாம் பாத்துக் குடுக்கறீங்களாக்கா?"

"அன்னைக்கு எனக்குப் பறவை இருக்குதுங்க."

ஸ்டாண்டு வாங்கவில்லை. கட்டிங் வேஸ்ட் துணியைப் பையில் திணித்துக் கேமராவுக்கு ஒரு தலையணை தைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். குளத்தங்கரையில் அதைப் போட்டு அக்கா குப்புறப் படுத்ததும், பெரிய லென்ஸ்காரர்கள் மூன்று பேர் சிரித்தார்கள். "தூங்கவாக்கா வந்தீங்க?"

அக்கா ஒரு மணி நேரம் சேற்றோடு சேறாகக் கிடந்தார். அப்போது கோரைப் புல்லை விலக்கிக்கொண்டு ஒரு புள்ளிமூக்கு வாத்து கரையேறியது. பின்னால் வரிசையாக எட்டுக் குஞ்சுகள். நேராக எங்களைப் பார்த்து நடந்து வந்தன.

பெரிய லென்ஸ்களுக்கு அது மிகவும் கிட்டம், ஃபோகஸே ஆகவில்லை. ஒருவர் அவசரமாகப் பின்வாங்கி, பொதுக்கென்று சேற்றில் உட்கார்ந்தார். வாத்துக் குடும்பம் தண்ணீருக்குள் ஓடியது. அதற்குள் அக்கா பன்னிரண்டு படம் எடுத்துவிட்டிருந்தார்.

சேற்றில் விழுந்தவரே முதலில் அக்காவின் கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். தாயும் எட்டுக் குஞ்சும், இறகு இறகாக. அவர் சிரிப்பு நின்றது.

"அக்கா, இந்த லென்ஸ் எங்க வாங்குனீங்க?"

அக்கா படத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தார். நான் 'ரிஜெக்ட்'டை எதிர்பார்த்து நின்றேன்.

"பாஸ்" என்றார். என் பதினோரு வருட சர்வீசில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

இப்போது அந்தப் படம் எங்கள் கம்பெனி வரவேற்பறையில், ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறது. சரக்கு வாங்க பையர்கள் வரும் நாளில் எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் போய் நிற்பேன், எடுத்தது யார் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று.