எட்டு ‘பி’ முத்துத்தாய்

வெள்ளிக்கிழமை என்றால் காளவாசலில் பஸ் திரும்ப இடமிருக்காது. ஊர்வலம் இல்லை, விபத்து இல்லை. அஞ்சனச் சித்தர் மை பார்க்கிறார், அவ்வளவுதான். எழுமலையிலிருந்து ஒரு வேன், டி. கல்லுப்பட்டியிலிருந்து இரண்டு வேன், நகரத்து ஸ்கூட்டர்கள் தனிக் கணக்கு. வந்து இறங்குகிற அத்தனை பேரும் பிள்ளை பெற்றவர்கள். படிக்காத பிள்ளை, பொய் சொல்கிற பிள்ளை, எதிர்த்துப் பேசுகிற பிள்ளை, பேசவே பேசாத பிள்ளை. எல்லாருக்கும் ஒரே வெற்றிலை, ஒரே மை.

பிள்ளையைக் கூட்டிவரக்கூட வேண்டாம் என்பதுதான் சித்தரின் மகிமை. செவ்வாய்க்கிழமை போய்ப் பெயரும் வகுப்பும் பள்ளிக்கூடமும் சொல்லி டோக்கன் வாங்கினால் போதும். வெள்ளிக்கிழமை வெற்றிலையில் மையைத் தடவி உற்றுப் பார்த்து, அந்தப் பிள்ளை வகுப்பில் என்ன செய்தது, யாரைக் கிள்ளியது என்று வரிசையாகச் சொல்லிவிடுவார். மையில் படம் தெரிய மூன்று நாள் எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. போட்டோ ஸ்டூடியோவிலேயே மூன்று நாள் ஆகிறதே!

சித்தரின் பழைய பெயர் நல்லகாமன். பேனாவுக்கு மை ஊற்றும் கடை வைத்திருந்தார். பால்பாயிண்ட் பேனா வந்து அந்த மை காய்ந்தது. இந்த மைக்கு மாறிக்கொண்டார். தொழில் ஒன்றுதான், லாபம்தான் வேறு.

பைபாஸ் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த தங்கப்பாண்டியும் ஒரு வெள்ளிக்கிழமை அந்த வரிசையில் நின்றார். மகள் ஜெயக்கொடி எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு. சில நாளாக எதற்கெடுத்தாலும் சீறினாள். போதாததற்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வேறு வந்திருந்தது. தங்கப்பாண்டிக்கும் எழுத்து வராது, அவர் மனைவி நாகஜோதிக்கும் வராது. மகளையே படிக்கச் சொல்லலாம்தான். ஆனால் குற்றவாளி கையிலேயே குற்றப்பத்திரிகையைக் கொடுப்பதா? கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, தெற்கே இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், வடக்கே சித்தரிடம் போனார்.

சித்தர் வெற்றிலையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

“தெரியுது... பொம்பளப் புள்ள... பக்கத்துல இருக்கிற புள்ளயக் கன்னத்துல அறையுது... ஆசிரியை அழைத்தால் செவிசாய்ப்பதில்லை!”

தங்கப்பாண்டிக்குப் புல்லரித்தது. அதுவரை தெருத்தமிழ் பேசிய சாமி திடீரென்று செந்தமிழ் பேசினால், அது ஆகாயத்திலிருந்து இறங்கிய வாக்கல்லாமல் வேறென்ன?

“என்ன செய்யணும் சாமி?”

“ஊமைக்காத்து புடிச்சிருக்கு. ஒரு மண்டலம் பள்ளிக்கூட வாசல மிதிக்கக் கூடாது. காலையும் மாலையும் வேப்பங்குச்சியால மூணு அடி. பயப்படாத, அடி புள்ளைக்கு விழாது. காத்துக்குத்தான் விழும்.”

காற்றுக்குத்தான் அடி விழுந்தது. அழுதது என்னவோ ஜெயக்கொடிதான். அடிக்கும்போது தங்கப்பாண்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாகஜோதி அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். அப்படிப் பன்னிரண்டு நாள் போயிற்று.

பதின்மூன்றாம் நாள், ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தங்கப்பாண்டி நிமிர்ந்தபோது, எதிரில் கைப்பையும் குடையுமாக ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஜெயக்கொடியின் வகுப்பாசிரியை சாரதாம்பாள். வீட்டில் சௌராஷ்டிரம், வகுப்பில் பேச்சுத்தமிழ், பேனாவைத் திறந்தால் மட்டும் செந்தமிழ் என்று வாழ்கிறவர்.

“ஜெயக்கொடி ஏன் வரல? ஒங்கள வரச் சொல்லி முன்னாடியே லெட்டர் போட்டேனே, கெடைக்கலையா?”

தங்கப்பாண்டி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சித்தர் சொன்னதையெல்லாம் சொன்னார். “அம்புட்டும் உண்மை டீச்சர். பக்கத்துப் புள்ளயக் கன்னத்துல அறஞ்சதச் சொன்னாரு. ‘ஆசிரியை அழைத்தால் செவிசாய்ப்பதில்லை’ன்னாரு. எம்புட்டுச் சுத்தமான தமிழு!”

சாரதாம்பாளின் முகம் மாறியது.

“அது என் தமிழு. ஒழுக்கப் பதிவேட்டுல அப்படியேதான் எழுதினேன். ஒரு எழுத்து மாறல.”

“பதிவேடுன்னா?”

“பிள்ளைங்க என்ன சேட்டை பண்ணுதுன்னு எழுதி வைக்கிற நோட்டு. ஆபீஸ் பீரோவுல இருக்கும்.”

தங்கப்பாண்டி டயரை ஓரமாகச் சாய்த்து வைத்தார். “செவிசாய்ப்பதில்லைன்னா என்ன டீச்சர் அர்த்தம்?”

“காது குடுத்துக் கேக்கறதில்லைன்னு.”

“எந்தக் காது?”

டீச்சருக்குப் புரியவில்லை.

“இடது காதுன்னா அவளுக்குக் கேக்காதே. சின்னதுலருந்து சீழ் வடியும். வளந்தாச் சரியாப் போகும்னாங்க, விட்டுட்டோம். நாங்க வலது பக்கம் நின்னுதான் கூப்பிடுவோம். ஒடனே வந்துருவா.”

சாரதாம்பாள் பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். “அவள வலது பக்கச் சுவரோரம் உக்கார வச்சிருக்கேன். இடது காதுதான் என் பக்கம். ஆறு மாசமா அதத் திமிருன்னு நெனச்சேன். பக்கத்துப் பிள்ளை அவள ‘செவிடு’ன்னு கேலி பண்ணினது என் காதுலயும் விழுந்துச்சு, வெறும் கிண்டல்னு விட்டுட்டேன். அதுக்குத்தான் அறஞ்சிருக்கா. நான் காரணம் கேக்கல. அறைஞ்சத மட்டும் எழுதினேன்.”

பாதி விஷயம் வீட்டில் கிடந்தது, பாதி பள்ளிக்கூடத்தில் கிடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆறு மாதம் ஆயிற்று. நடுவில் நல்லகாமன் மூன்றே நாளில் காற்றையே கண்டுபிடித்துவிட்டார்!

“போன மாசம், வெள்ளிக்கிழமை பெத்தவங்க கூட்டம் போடலாம்னு ஹெட்மாஸ்டரக் கேட்டேன்” என்றார் டீச்சர். “‘அவங்க எல்லாம் வெள்ளிக்கிழமை சித்தருகிட்ட இருப்பாங்களேம்மா, நானே அங்கதான் போறேன்’னுட்டார்.”

தங்கப்பாண்டி தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கினார். ஓர் இடத்தில் குமிழி கிளம்பியது.

“ஒங்க நோட்டுல பஞ்சர் இருக்கு டீச்சர். காத்து எது வழியாப் போகுதுன்னு முக்கிப் பாத்துருவோமா?”

அடுத்த செவ்வாய்க்கிழமை தங்கப்பாண்டி மறுபடி டோக்கன் வாங்கினார். பெயர் முத்துத்தாய். எட்டு ‘பி’. அதே பள்ளிக்கூடம். “தங்கச்சி மக” என்று சொல்லிவைத்தார். அதே நாள் சாரதாம்பாள் பதிவேட்டில் எழுதினார்: ‘முத்துத்தாய். அறிவியல் அறையிலுள்ள எலும்புக்கூட்டின் கையை முறித்தாள். சக மாணவியரின் மதிய உணவை அபகரித்து உண்கிறாள்.’ ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை கூடினால் யாருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை கூட்டம் வாசலைத் தாண்டி ரோட்டில் நின்றது. முன்வரிசையில் தலைமையாசிரியர். அவர் பின்னால் ரோஜா மாலையை ஏந்தியபடி பள்ளிக்கூட அட்டெண்டர் சிவனாண்டி. ஓரத்தில் பதிவேட்டை முந்தானையால் மூடிக்கொண்டு சாரதாம்பாள்.

தங்கப்பாண்டியின் முறை வந்தது. சித்தர் வெற்றிலையைத் தூக்கிப் பிடித்தார். உடம்பை ஓர் உலுக்கு உலுக்கினார்.

“எலும்பு தெரியுது... மனுச எலும்பு! கைய முறிக்கிது...”

“ஆத்தாடி!” என்றது கூட்டம்.

“சக மாணவியரின் மதிய உணவை... அபகரித்து உண்கிறாள்!”

“ஆகா, என்ன வாக்கு!” என்று தலைமையாசிரியர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் தமிழாசிரியராக இருந்து பதவி உயர்ந்தவர்.

“எலும்புக்காத்து! பெரிய பூசை செய்யணும். புள்ளயப் பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

“கூட்டியாந்திருக்கேன் சாமி. வாசல்ல நிக்கிது.”

“வரச் சொல்லு!”

கூட்டம் பயபக்தியோடு வழிவிட்டது. நாகஜோதி உள்ளே வந்தாள். அவள் கையில் கயிறு. கயிற்றின் முனையில் ஒரு வெள்ளாடு.

“இதுதான் சாமி முத்துத்தாய்” என்றார் தங்கப்பாண்டி. “எட்டு பி. பேரு வச்சு நாலு நாளுதான் ஆகுது.”

ஆடு சபையைச் சுற்றிப் பார்த்தது. நேரே சித்தரிடம் போய், கையிலிருந்த வெற்றிலையை மையோடு சேர்த்துக் கவ்வி மென்றது. அபகரித்து உண்பது வரைக்கும் சித்தர் வாக்கு பலித்துவிட்டது!

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு கூரையே அதிர்ந்தது. ஆனால் சித்தர் லேசுப்பட்டவரா?

“சிரிக்காதீக! இந்த ஆடு போன ஜென்மத்துல பொம்பளப் புள்ள!”

“இருந்தாலும் இருக்கும்ப்பா...” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வராமல் இருக்குமா?

சாரதாம்பாள் எழுந்தார். “போன ஜென்மத்துலயும் எட்டு ‘பி’தானா? எங்க பள்ளிக்கூடத்துலதானா?” பதிவேட்டைத் திறந்து, முத்துத்தாய்க்காக எழுதிய இரண்டு வரியையும் உரக்க வாசித்தார். “இது நான் இட்டுக்கட்டி எழுதினது. அப்படியொரு பிள்ளையே கிடையாது. நான் எழுதின பொய் இவர் மையில தெரிஞ்சிருக்கு. பதிவேடு இருக்கிற பீரோவோட சாவி யார்கிட்ட இருக்கு சார்?”

தலைமையாசிரியர் திரும்பிப் பார்த்தார். சிவனாண்டி நின்ற இடத்தில் ரோஜா இதழ்கள்தான் கிடந்தன. மாலையோடு ஓடிவிட்டிருந்தான்.

“எம் மக படிப்ப ஒம் பிள்ளதான் கெடுக்குதுன்னு சொன்னாரே, மை பாத்து!” என்று ஒரு பெண் இன்னொருத்தியின் கையைப் பிடித்து அழுதாள். தங்கப்பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தது வேறு.

“பன்னெண்டு நாளு அடிச்சேன்யா எம் புள்ளய. காது கேக்காத புள்ளய. காத்துக்குத்தான் விழும்னியே... எங்கடா காத்து?” அவர் பாய்ந்து பிடித்த வேகத்தில் சித்தரின் ஜடாமுடி கையோடு வந்துவிட்டது. அதற்கு மேல் கூட்டம் பார்த்துக்கொண்டது.

போலீஸ் வந்தது. புகார் எழுதித் தரத்தான் ஆளில்லை. ஏமாறும்போது வராத வெட்கம், ஏமாந்தேன் என்று எழுதும்போது அத்தனை பேருக்கும் வந்தது. தங்கப்பாண்டி சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். அவர் கைநாட்டு வைத்தார்.

ஜெயக்கொடியைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். சீழ் நிற்க மருந்து கொடுத்தார்கள். முன்பே வந்திருக்கலாமே என்றும் கேட்டார்கள். வகுப்பில் அவள் இடது பக்கச் சுவரோரம் மாறி உட்கார்ந்தாள். அப்பாவோடு மட்டும் ஒரு வாரம் பேசவில்லை. வலது பக்கம் நின்று கூப்பிட்டும் அவள் திரும்பாதபோது, அது காதுக் கோளாறு இல்லை என்று தங்கப்பாண்டிக்குத் தெரிந்தது. எட்டாம் நாள் அவளாகவே அவருக்குச் சோறு போட்டாள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் என்று தலைமையாசிரியர் அறிவித்தார். முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினேழு பேர். காளவாசல் முழுக்க நின்ற கூட்டத்தில் மிச்சம் பேர் எங்கே போனார்கள்? சமயநல்லூர்ப் பக்கம் ஒருவர் எலுமிச்சம்பழத்தில் பிள்ளைகளின் மார்க்கைப் பார்த்துச் சொல்கிறாராம்.

போன வாரம்கூட ஒருவர் பஞ்சர் கடையில் ஸ்கூட்டரை நிறுத்தி விசாரித்தார்.

“அண்ணே, பையன் சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்கிறான். எலுமிச்சம்பழச் சாமிகிட்ட எந்த வழியாப் போகணும்?”

“பையனுக்கு வாத்தியார் யாருண்ணே?”

“தெரியலையே.”

“பையன்கிட்ட ஒக்காந்து என்னன்னு கேட்டியளா?”

“இல்லையே.”

தங்கப்பாண்டி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“தல மொட்டை போடுறதுக்கு மட்டும் இல்லண்ணே. உள்ள ஒண்ணு இருக்குன்னு சொல்றாக. சாமிகிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு தடவ அதக் கேட்டுப் பாருங்க. டோக்கன் கூட வேண்டாம்.”