எலுமிச்சம்பழம் போட்ட வட்டம்

மழை எங்கே பெய்தது என்று மழை பெய்த பிறகு சொல்வதற்கு ஒரு சாமி வேண்டுமா? கம்சலா இதை மனதுக்குள்தான் கேட்டுக்கொண்டாள். வெளியே கேட்டால் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டமே அடிக்க வரும்.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அப்படியொரு கூட்டம். பதுளையிலிருந்து வந்த மேகச்சாமி மணலைப் பரப்பி ஊவா மாகாணத்தையே வரைந்திருந்தார். அதில் எலுமிச்சம்பழத்தை உருட்டுவார். நிற்கிற இடத்தில் மழை. நேற்றுப் பழம் அப்புத்தளையில் நின்றது. மழையோ பண்டாரவளையில் கொட்டியது. சாமி அசரவில்லை. பழத்தைச் சுற்றி விரலால் பெரிய வட்டம் போட்டார். பண்டாரவளை உள்ளே வந்துவிட்டது. “பலிச்சிருச்சு!” என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இன்று பழம் மொனராகலையில் நின்றது.

“இங்க ஒரு சொட்டு விழாது. எல்லாரும் லயத்துக்குப் போங்க.”

அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அதனால்தான் எல்லோரும் பிள்ளைகுட்டிகளோடு பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்தார்கள். திரும்பிப் போகிறவர்களுக்கு, வாசலில் கட்ட மந்திரித்த பழமும் சாமியிடம் உண்டு. இனாமாக அல்ல. கம்சலாவின் புருஷன் தயாபரன் முதல் ஆளாக வாங்கினான்.

“சாமி, இன்னைக்கு வட்டத்தை முன்னாடியே போட்டுருங்க,” என்றாள் கம்சலா.

“எதுக்குத் தாயி?”

“மழைக்கும் வழி தெரியணும்ல.”

“போட்டுக் காட்டுங்க சாமி, இவ வாய் அடங்கட்டும்!” என்றாள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பெரியாயி.

சாமி மொனராகலையைச் சுற்றிச் சின்னதாக வட்டம் போட்டார். கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்கை அவிழ்த்து, வட்டம் அழியாதபடி கம்சலா மணலை மூடினாள். மேலே கல் வைத்தாள்.

லயத்துக்குத் திரும்ப எல்லோரும் மூட்டையைக் கட்டி முடிப்பதற்குள் பிடித்தது மழை. மொனராகலையில் அல்ல, சாமியின் மொட்டைத் தலையில்.

மழை விட்டதும் அவர் படங்கை விலக்கி விரலை நீட்டினார்.

“வட்டம் கொஞ்சம் சிறுத்துப்போச்சு...”

விரல் பதுளையைத் தாண்டியது, ஸ்பிரிங்வெளியைத் தாண்டியது, மணலையும் தாண்டிச் சேற்றுக்குள் போனது.

“இன்னும் நீட்டுங்க சாமி, மதுரையும் உள்ள வரட்டும்!” என்றாள் கம்சலா.

முதலில் சிரித்தது பெரியாயி. “இதுக்குப் பழம் எதுக்கு? எங்க வீட்டுக் கோழிய உருட்டுனாலும் பலிக்குமே!”

சிரிப்புச் சத்தத்தில் சாமி குடையைக்கூட எடுக்காமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

தயாபரன் மட்டும் பழத்தைக் கையில் பிடித்தபடி நின்றான். “வட்டந்தான தப்பு? பழம் நல்ல பழம். மழையும் விட்டிருச்சு, வா லயத்துக்குப் போவோம்.”

மலை சரியும்போது பழத்தைக் கேட்டுச் சரிவதில்லை. யோசிப்பதென்றால், தலை கழுத்தின்மேல் இருக்கும்போதே யோசித்துவிடவேண்டும்.

கம்சலா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“நான் வரலைங்க,” என்றாள், குரலை உயர்த்தாமல்.