முற்றத்துச் சிமெண்டை வெள்ளிக்குள் உடைப்பது பற்றி

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீங்களும் நலமே; காலையில் போனில் என்னைத் திட்டிய குரலில் தெம்புக்குக் குறைவில்லை. அத்தையின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல்லவும். அதன்பின் நீங்கள் போனை எடுக்காததால் இந்தக் கடிதம். ஆபீஸ் டிரைவர் கொண்டுவருவார். அவரை வாசலில் நிற்கவைத்தே படித்துவிடுங்கள்.

புது வீடு கட்டுகிறவர்கள் மனையில் மூன்றில் ஒரு பங்கை மண்ணாகவே விட வேண்டும், அவரவர் மனையில் விழும் மழை அங்கேயே இறங்க வேண்டும் என்று கட்டட விதியைத் திருத்தச் சொல்லி நகராட்சியில் எங்கள் பிரிவு இரண்டு வருடமாக மன்றாடுகிறது. "காகிதத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கும், எங்கயாச்சும் கட்டிக் காட்டுங்க" என்றார் விதியை முடிவுசெய்யும் குழுவின் தலைவர். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "எங்க மாமா கட்டிட்டு இருக்கார் சார்" என்றேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு குழுவின் ஒன்பது உறுப்பினர்களும் உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மதியமே வாக்கெடுப்பு. இன்று புதன்.

நேற்று மழை விட்டதும் வந்து பார்த்தேன். மண்ணாக விட வேண்டிய முற்றம் முழுக்கச் சிமெண்ட், வழுவழுவென்று, கேட்டைப் பார்த்துச் சரிவு வேறு. சிமெண்ட் போட வேண்டிய கார் நிறுத்துமிடம் மட்டும் வெறும் மண். அதில் உங்கள் கார் பாதிச் சக்கரம் புதைந்து நிற்கிறது, தள்ளப்போன என் சட்டையெல்லாம் சேறு. மெனக்கெட்டாலும் இப்படித் தலைகீழாகக் கட்ட முடியாது மாமா. அதற்குள் தெருவின் பள்ளத்துக் கடைசியில் கடை வைத்திருக்கும் தையல்கார அக்கா ஈரத் துணி மூட்டையோடு வந்து நின்றார். "தம்பி, உங்க மாமா வீட்டுத் தண்ணி நேரா என் கடைக்குள்ள வருது. போன மழைக்கு வாசப்படியோட நின்னுச்சு, இப்ப மெஷின் மோட்டாரே முங்கிடுச்சு. வெள்ளிக்கிழமை பெரியவங்க வர்றாங்களாமே, நானும் வர்றேன்" என்றார். அவர் வாயைத் திறந்தால் விதி செத்தது. விதி செத்தால், தெருவில் அடுத்தடுத்து எழும் வீடுகளின் தண்ணீரெல்லாம் அவர் கடைக்குத்தான்.

உங்களைக் கேட்டால் "மேஸ்திரி நீ குடுத்த பிளான் பாத்துத்தான்டா போட்டாரு" என்கிறீர்கள். அவரைக் கேட்டால் "முப்பது வருஷமா பிளான் பாக்குறேன் தம்பி, எனக்கே பாடம் எடுக்கிறீங்களா" என்கிறார். முப்பது வருடமும் தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருப்பார். அவரை உடனே நிறுத்துங்கள். நாளைக் காலை உடைக்கிற மெஷின் வரும். சத்தம், தூசி, அத்தையின் முறைப்பு எல்லாவற்றையும் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் தெரிந்தவன் ஒருவனாவது குடும்பத்தில் இருக்கிறானே என்று ஆறுதல் கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு அன்பு, மேஸ்திரிக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்

பி.கு.: மேஸ்திரியின் தவறைச் சிவப்பு மையில் வட்டமிட்டு இணைக்கலாம் என்று பிளானை விரித்தேன். முற்றத்தில் புள்ளி, கார் நிற்குமிடத்தில் கோடு. மண்ணுக்குப் புள்ளி, சிமெண்டுக்குக் கோடு என்றுதான் வரைந்தேன், சரிதான். ஆனால் ஓரத்து விளக்கத்தில் 'புள்ளி: சிமெண்ட், கோடு: மண்' என்றிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. மேஸ்திரி இம்மி பிசகாமல் போட்டிருக்கிறார். அவரை நிறுத்தியிருந்தால் கையோடு கூப்பிட்டுவிடுங்கள். திட்டியிருந்தால் அது என்னைத் திட்டியது என்று சொல்லிவிடுங்கள். இதே பிளானின் ஒன்பது பிரதிகள் காலையிலேயே உறுப்பினர்களுக்குப் போய்விட்டன. விடிந்ததும் மெஷினோடு நானும் கடப்பாரையோடு வருகிறேன். வரும் வழியில் தையல்கார அக்காவிடம் சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் மாமா வீட்டிலிருந்து வரவில்லை, என் மேஜையிலிருந்து வந்தது.